கருவை முள்ளும் கடமைதாங்கியும்

அணுகுமுறைக்காரர் என்று ஓர் இனம் நம் ஜில்லாவில் பெருகிக்கொண்டு வருகிறது. உங்களுக்கும் அவரைத் தெரியும். புதுக்கோட்டை பஸ் நிலையத்தில் கீரனூர் வண்டிக்காக நிற்பார். தோளில் ஒரு ஜோல்னாப் பை, பையின் வாயில் சுருட்டிச் செருகிய சார்ட் பேப்பர், சட்டைப் பையில் நாலு நிறத்தில் ஸ்கெட்ச் பேனா, கழுத்தில் போன வருஷமே முடிந்துபோன ஏதோ ஒரு கருத்தரங்கின் அடையாள அட்டை. பஸ் வராவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? டெப்போக்காரரை நாலு திட்டுத் திட்டிவிட்டு வேறு வண்டி பிடிப்பீர்கள். அவர் அப்படிச் செய்ய மாட்டார். பஸ் ஏன் வரவில்லை என்பதை ஆராய்வார், பக்கத்தில் நிற்கிறவரிடம் விளக்குவார், அந்த விளக்கம் முடிவதற்குள் வந்து நின்ற பஸ்ஸை விட்டும்விடுவார்.

நம் வெற்றிசெல்வனை எடுத்துக்கொள்ளுங்கள். திருக்கோகர்ணத்தில் வீடு. ஒரு தொண்டு நிறுவனத்தில் மனித உரிமை அடிப்படையிலான வளர்ச்சி அணுகுமுறைக்கான மாவட்ட ஒருங்கிணைப்பாளர். பதவியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டவுன் பஸ் ஒரு ஸ்டாப்பைத் தாண்டிவிடும். அவர் வாயில் ‘பயனாளி’ என்ற சொல் வராது, ‘உரிமைதாரர்’தான். ‘அரசாங்கம்’ வராது, அதற்கு அவரே ஒரு பெயர் கட்டி வைத்திருக்கிறார், ‘கடமைதாங்கி’. யாராவது வாய்தவறி ‘உதவி’ என்று சொல்லிவிட்டால் சோற்றில் கல் கடித்த மாதிரி முகம் சுளிப்பார். ‘மனு’ என்றால் ஆகவே ஆகாது. அது கும்பிடு போடுகிறவன் பாஷையாம். எல்லாவற்றுக்கும் மேலே ‘நன்றி’. அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து பல காலம் ஆகிறது. டீக்கடைக்காரர் டீயை நீட்டினால் வாங்கிக்கொண்டு, ‘உமது கடமையைச் செய்தீர், போம்’ என்பதாக ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

வீட்டில் மட்டும் வேறாகவா இருப்பார்?

“டேங்க் நெறஞ்சு வழியுதுங்க, மோட்டாரை நிப்பாட்டுங்க!” என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவி வனிதா கத்துவாள்.

“வழியுறதுக்கு மூல காரணம் என்னன்னு மொதல்ல பாக்கணும் வனிதா.”

மூல காரணம் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரிலேயே, கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில், சுவிட்சாக இருக்கும். வனிதாதான் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து அணைத்துவிட்டுப் போவாள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். அவர் பேசுவதில் பொய் எதுவும் இல்லை. ஏழை கேட்பது பிச்சை அல்ல, உரிமை. கொடுக்கிறவர் தர்மப் பிரபு அல்ல, பொறுப்பில் இருக்கிறவர். இதை யார் மறுக்க முடியும்? இதைச் சொல்லச் சொல்லித்தானே எத்தனையோ கும்பிட்ட கைகள் கீழே இறங்கின. கோளாறு அந்த உண்மையில் இல்லை. உண்மையைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தக் கையால் வேறு எதையும் தொடுவதில்லை என்று இருக்கிறாரே, அதில்தான் கோளாறு.

நார்த்தாமலைக்கு அங்கிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி வெள்ளைப்பாறைப்பட்டி என்று ஓர் ஊர். காலையில் ஊருக்குள் வந்துகொண்டிருந்த டவுன் பஸ் சில மாதங்களாக வருவதில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு ஒன்றும் வேண்டாம். ஊர்க் கோடியில் பஸ் திரும்புகிற பொட்டலில் சீமைக்கருவை மண்டிப் புதராகிவிட்டது. வண்டியைத் திருப்ப இடமில்லை என்று டிரைவர்கள் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கோடு நிறுத்திக்கொண்டார்கள். விலக்குக்கும் ஊருக்கும் நடுவே கல்குவாரி லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு பறக்கிற ரோடு. கீரனூரில் ப்ளஸ் டூ படிக்கிற ஹரிணி அந்த ரோட்டில்தான் இருட்டு விலகாத நேரத்தில் நடந்து போய் வந்தாள். போன மாதம் ஒரு லாரி அவள் பையை உரசிக்கொண்டு போனது. அவள் அப்பா ராசு அன்றே முடிவாகச் சொல்லிவிட்டார்.

“பஸ் வந்தா படிக்கட்டும். வராட்டி நிப்பாட்டிருவேன். புள்ளையப் பொணமாத் தூக்கிக்கிட்டு வரணுமா நான்?”

ராசு கெட்டவர் இல்லை; பயந்தவர். அவருடைய மனைவி செவந்திக்கு அது தெரியும் என்பதால் அவரிடம் வாதாடவில்லை. நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு டெப்போவுக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷர். “திருப்புற எடத்தைச் சுத்தம் பண்ணி வைங்கம்மா, திங்கக்கெழம காலையில வண்டிய அனுப்புறேன். திரும்ப முடிஞ்சா தெனம் வரும்” என்றார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அரிவாளோடு வந்துவிடுவதென்று பேச்சு. காரியம் முடிந்த மாதிரிதான், இல்லையா?

சனிக்கிழமை சாயங்காலம் வெற்றிசெல்வன் வந்து இறங்கினார். அவருடைய திட்டத்தில் இருக்கிற ஊர்களில் அதுவும் ஒன்று.

“யாரு சொன்னா வெட்டணும்னு?”

“யாரும் சொல்லலைங்க சார்” என்றாள் செவந்தி. “முள்ளு கெடக்கு, வெட்டணும்ல.”

“அங்கதாம்மா தப்பு பண்றீங்க! அது பொதுப் பாதை. அதைச் சரிபண்ண வேண்டியது கடமைதாங்கி. உரிமைதாரர் நீங்க அரிவாளைத் தூக்குனீங்கன்னா என்ன அர்த்தம்? ஒங்க ஒழைப்பை அரசுக்குத் தானம் பண்றீங்க. கடமைதாங்கி ஜாலியாத் தப்பிச்சிருவாங்க.”

“யாரு தப்பிச்சா நமக்கென்னங்க சார், வண்டி வந்தாச் சரி” என்றாள் பக்கத்தில் நின்ற மருதாயி. அவளை அவர் பரிதாபமாகப் பார்த்தார். விழிப்புணர்வு குறைவு என்று மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை முள் வெட்டவில்லை. சமுதாயக் கூடத்தில் பயிற்சி நடந்தது. நூல்கண்டை ஒருவர் மேல் ஒருவர் எறிந்து வலை பின்னினார்கள். சார்ட்டில் மரம் வரைந்து வேரில் பிரச்சினையை எழுதினார்கள். பிறகு எல்லாரையும் கூடத்துக்கு வெளியே வரிசையாக நிறுத்தி, ‘எனக்கு அதிகாரம் இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஓர் அடி முன்னால் வாருங்கள்’ என்கிற விளையாட்டு. முன்னால் போகப் போக வெயில் ஏறியது. கடைசி வரைக்கும் நகராமல் நின்றவள் செவந்தி.

“பாருங்க, இவங்கதான் ரொம்பப் பின்தள்ளப்பட்டவங்க!” என்று குரல் தழுதழுக்கச் சொன்னார் வெற்றிசெல்வன். “இப்ப என்னம்மா தோணுது ஒங்களுக்கு?”

“இங்கிட்டு வேப்பமர நெழலு இருக்குங்க சார்.”

கேலி கிடக்கட்டும். அன்று செவந்தியின் மனசில் ஒன்று பதிந்தது. நூறு நாள் வேலைக்குப் போனாலும், ரேஷன் கடைக்குப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், ‘ஏய், தள்ளி நில்லு’ என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள். சட்டையை இன் பண்ணிய ஒரு மனுஷன் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, ‘நீங்க கேக்குறது நியாயம், யாருகிட்டயும் தலை குனிய வேணாம்’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அது அவளுக்கு இனித்தது. அந்த இனிப்பில் அரிவாளை வீட்டுக் கூரை எரவாணத்தில் செருகிவிட்டாள். மருதாயி திட்டினாள். “அவரு படிச்சவரு, சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று செவந்தி அவளை அடக்கினாள்.

திங்கட்கிழமை காலையில் பஸ் வந்தது. பொட்டலின் விளிம்பு வரை வந்து மூக்கை நுழைத்துப் பார்த்தது, பின்னால் போனது, மறுபடி நுழைத்தது. கருவைக் கொப்பு கண்ணாடியில் பட்டு ஒரு பக்கக் கண்ணாடி உடைந்து விழுந்தது. டிரைவர் திருப்பதி தலையை வெளியே நீட்டினார்.

“சுத்தம் பண்ணச் சொன்னதுக்கு இதுதான் சுத்தமா? கண்ணாடிக்கு எவன் பதில் சொல்லுறது? இனி வண்டி கிண்டின்னு டெப்போ பக்கம் வராதீங்க, ஆமா!”

யாரையும் ஏற்றாமல் விலக்கு வரைக்கும் பஸ் பின்பக்கமாகவே ஊர்ந்து போனது. பையை மாட்டிக்கொண்டு நின்ற ஹரிணி, அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய் யூனிபார்மை மாற்றினாள். யாரும் அவளை மாற்றச் சொல்லவில்லை. ராசு வாசலில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

வெற்றிசெல்வனுக்கு வருத்தமா? அடப் போங்க! முழுதையும் செல்போனில் படம் பிடித்திருந்தார். மனுஷருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

“அருமையான உரிமை மீறல் செவந்தி! இவ்வளவு தெளிவா ஒரு மீறல் நம்ம ஜில்லாவுலயே கெடைக்காது.”

மறுநாள் விடிந்ததும் செவந்தி எரவாணத்திலிருந்து அரிவாளை உருவிக்கொண்டு தனியாகப் பொட்டலுக்குப் போனாள். வெட்டுகிற சத்தம் கேட்டு மருதாயி வந்தாள், கையில் கவட்டைக் கம்போடு. “வந்துட்டியாடி அம்மா, இப்பவாச்சும்” என்று ஒரு குத்துக் குத்திவிட்டு, வெட்டிய முள்ளைக் கவட்டையால் தள்ளி ஓரத்தில் குவித்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ராசுவும் வந்தார், தூர்களைக் கடப்பாரையால் நெம்பினார். மதியத்துக்குள் பொட்டல் வெட்டவெளியாகிவிட்டது. செவந்தி மறுபடியும் டெப்போவுக்குப் போய், கண்ணாடி உடைந்ததற்கு நாலு பேர் முன்னால் ஏச்சு வாங்கி, அதே அதிகாரியிடம் பேசி வண்டியைக் கேட்டு வாங்கினாள். வியாழக்கிழமை பஸ் வந்து, ஒரே மூச்சில் வட்டமடித்துத் திரும்பி, ஹரிணியை ஏற்றிக்கொண்டு போனது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். அணுகுமுறைக்காரர் இல்லாத ஊராக இருந்தால் முடிந்திருக்கும்.

சில நாள் கழித்து வெற்றிசெல்வன் போன் செய்தார். திட்டத்துக்கு நிதி தருகிற நிறுவனம் சென்னையிலிருந்து மதிப்பீட்டுக்கு ஆள் அனுப்புகிறது. அவர்கள் திருப்தியாகப் போனால்தான் திட்டம் இன்னும் மூன்று வருஷம் நீளும். பார்க்க வேண்டிய இடங்களில் முதலாவதாக அவர் எழுதிக் கொடுத்திருந்தது ‘வெள்ளைப்பாறைப்பட்டி, உரிமை மீறல் நடந்த இடம்’.

“வெட்டிட்டீங்களா?” அவர் குரல் கம்மிப்போனது. “யாரைக் கேட்டு வெட்டுனீங்க? இப்ப நான் அவங்களுக்கு எதைக் காட்டுறது?”

“பஸ்ஸைக் காட்டுங்க சார். தெனம் வருது.”

“பஸ் வந்துருச்சுன்னா அப்புறம் கோரிக்கை எங்கேம்மா இருக்கு?” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுக் குழைந்தார். “செவந்தி, வெட்டுன முள்ளு ஓரத்துலதானே கெடக்கு? ஒரே ஒரு நாள். புதன்கெழம காலையில மட்டும் பழையபடி இழுத்துப் போட்டுருவோம். அவங்க போட்டோ எடுத்துட்டுப் போனதும் எடுத்துரலாம்.”

செவந்திக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. “சார், புதன்கெழம புள்ளைக்கு பிராக்டிக்கல் பரீட்சைங்க. பஸ் திரும்பணும். வேற நாளு வச்சுக்கங்க.”

“அவங்க ஃப்ளைட் டிக்கெட் போட்டாச்சும்மா.”

“அப்ப வேணாம் சார். முள்ளைத் தொடாதீங்க. சொல்லிட்டேன்.” போனை வைத்துவிட்டாள்.

உரிமைதாரருக்கு நீண்டகால நோக்கு இன்னும் வரவில்லை என்று வெற்றிசெல்வன் தம்மைத் தேற்றிக்கொண்டார். ஒரு பிள்ளையின் ஒரு நாள் எங்கே, ஜில்லா முழுக்க மூன்று வருஷ உரிமைக் கல்வி எங்கே? கணக்குப் போட்டுப் பார்த்தால் நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது. அவர் போடுகிற கணக்கில் அது வேறு எந்தப் பக்கம் இருந்திருக்கிறது?

புதன்கிழமை விடிகிற நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மோட்டார் சுவிட்சை அணைக்க எழுந்திருக்காத மனுஷர், தம் கையால், தன்னந்தனியாக, கருவை முள்ளை இழுத்தார். கவட்டைக் கம்பு என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. வெறுங்கையால் கட்டிப் பிடித்து இழுத்தார். சட்டை கிழிந்தது, முழங்கை கீறியது, உள்ளங்கையில் முள் ஒடிந்து தங்கியது. அப்பப்பா, அப்படி ஓர் உழைப்பை அவரிடம் வனிதா பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பாள். பொட்டலின் நடுவே மீறல் மறுபடியும் எழுந்து நின்றது. இரண்டடி பின்னால் போய்த் திருப்தியாகப் பார்த்தார்.

நேரத்துக்குப் பஸ் வந்தது. ஊர் நடுவில் ஏறிக்கொண்ட ஹரிணி, மடித்த வெள்ளைக் கோட்டும் ரெக்கார்ட் நோட்டும் மடியில் இருக்க, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பஸ் பொட்டலுக்கு வந்து நின்றது. திருப்பதி இறங்கி, முள்ளைப் பார்த்தார், இடுப்பில் கை வைத்தார்.

“திரும்பவுமா? என்ன, வெளையாடுறீங்களா? ஏறுனவங்க எல்லாம் எறங்குங்க, நான் காலி வண்டியாப் பின்னாலயே போயிருறேன். இன்னிக்கோட சரி, இனிமே இந்த ஊரு பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன்.”

செவந்தி ஓடி வந்தாள். பின்னாலேயே மருதாயியும் மற்றவர்களும். முள்ளைப் பார்த்தாள், முள்ளுக்குப் பின்னால் ரத்தம் கசிகிற கையோடு நின்றவரையும் பார்த்தாள். மருதாயி கவட்டைக் கம்பை எடுக்கப் போனாள்.

“தொடாத ஆத்தா” என்றாள் செவந்தி. “அண்ணே, நீங்க செத்த நேரம் நில்லுங்க. இந்த முள்ளு நேத்து இல்ல.”

வெற்றிசெல்வனிடம் திரும்பினாள். சத்தம் போடவில்லை.

“சார், நாங்க வெட்டக் கூடாது, யாரு பொறுப்போ அவங்களக் கேக்கணும்னு சொன்னீங்க. அப்ப முள்ளு தானா மொளைச்சுச்சு, யாரைக் கேக்குறதுன்னு எங்களுக்குத் தெரியல. இதைப் போட்டது நீங்க. ஒங்களைத்தான் கேக்குறோம். எடுங்க.”

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மருதாயியும் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தியும் ஒரு குச்சியைத் தொடவில்லை.

“செவந்தி, இப்ப ஜீப் வந்துரும்... அவங்க ஒரு தடவை பாத்துட்டாங்கன்னா...”

“எம்மகளுக்குப் பரீட்சை சார்.” இப்போது அவள் குரல் உடைந்தது. “ஒங்க பேச்சைக் கேட்டு ஏற்கெனவே ஒரு வாட்டி அவ யூனிபார்மைக் கழட்டுனா. இன்னொரு வாட்டி அதை நான் பாக்க மாட்டேன். எடுங்க சார்!”

திருப்பதி ஹாரனை அழுத்தினார். ஜன்னலில் ஹரிணியின் முகம் வெளுத்திருந்தது. வெற்றிசெல்வன் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தார். விவாதத்துக்கு ஆள் இல்லை. குனிந்தார். இழுத்துப் போட்ட முள்ளையெல்லாம், ஒடிந்த முள் தைத்திருந்த அதே கையால், திரும்ப இழுத்தார்.

பாதி முள் ஓரத்துக்குப் போயிருந்தபோது ஜீப் வந்தது. மதிப்பீட்டாளர் கலைமதி இறங்கினார். தோளில் இதே மாதிரி ஜோல்னாப் பை, கழுத்தில் இதைவிடப் பெரிய அட்டை. உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார். கருவைக் கொப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வியர்வையில் நின்ற ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார். கலைமதியின் முகம் சுருங்கியது.

“என்ன வெற்றிசெல்வன் இது? நீங்களே முள் அள்ளுறீங்க? இது சுத்தமான சேவை அணுகுமுறை ஆச்சே! நாம இதையெல்லாம் விட்டு எவ்வளவு காலம் ஆச்சு?”

வெற்றிசெல்வன் என்னவென்று சொல்வார்? முள்ளைப் போட்டது நான்தான் என்றா?

“நீங்க ஏம்மா உட்கார்ந்திருக்கீங்க?” என்று கலைமதி செவந்தியிடம் கேட்டார்.

“பொறுப்பானவருகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கோம்மா.”

கலைமதிக்குப் புல்லரித்துவிட்டது. ‘உரிமைதாரர்கள் மிகச் சிறந்த நிலையில் உள்ளனர், ஒருங்கிணைப்பாளருக்கு அணுகுமுறையில் அடிப்படைப் பயிற்சி தேவை’ என்று அங்கேயே நின்று எழுதிக்கொண்டார். செவந்தி அதைக் கவனிக்கவில்லை. கடைசிக் கொப்பு நகர்ந்ததும் பஸ் வட்டமடித்துத் திரும்பியதையும், ஜன்னலிலிருந்து ஹரிணி ஒரு கையை வெளியே நீட்டி ஆட்டியதையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டுப் புழுதி அடங்கின பிறகுதான் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அன்று சாயங்காலம் திருக்கோகர்ணத்தில், வனிதா ஒரு சேப்டி பின் கொண்டு தன் புருஷன் உள்ளங்கையிலிருந்து முள்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துக்கொண்டிருந்தாள். நாலைந்து முள் எடுத்தபிறகு நிமிர்ந்து கேட்டாள்: “ஏங்க, இதை எடுக்க வேண்டிய கடமைதாங்கி யாருங்க?”

திருந்தினார் என்றா நினைக்கிறீர்கள்? அவர் அவளைக் கவனிக்கவே இல்லை. அடுத்த பயிற்சியில் முள்ளை வைத்து ஒரு புது விளையாட்டுச் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். உள்ளே தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. பின்னை வைத்துவிட்டு வனிதாதான் எழுந்து போனாள்.

சரி, வெற்றிசெல்வனைப் பார்த்து நன்றாகச் சிரித்தீர்கள். சிரிப்பதற்குத்தானே எழுதியது. ஒரு சின்ன சந்தேகம் மட்டும். உங்கள் தெருமுனையில் ஒரு கல் கிடக்கிறதே, எல்லா வண்டியும் சுற்றிக்கொண்டு போகிறதே, பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று சைக்கிளோடு அதில் விழுந்ததைப் பார்த்துவிட்டு, இதை எடுத்துப் போட யாருக்கும் பொறுப்பில்லை என்று பக்கத்து வீட்டாரிடம் வெகுநேரம் கொதித்தீர்களே, நியாயமான கொதிப்புத்தான், அந்தக் கல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறதா? உள்ளங்கையைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கள். ஒரு கீறல்கூட இல்லையே!